அம்மா காய்ச்சிய பியர்

மோட்டார் சைக்கிள் ஒன்று எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினால் இன்னும் என் கை நின்றுவிடுகிறது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தாலும், பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். மகன் விழுந்தது தை மாதத்தில். கல்குடாவில் ஒரு ஹோட்டலில் குடிவகை பரிமாறும் இடத்தில் அவனுக்கு வேலை. நண்பர்களோடு இரண்டு ஸ்ட்ரோங் பியர் குடித்துவிட்டு வந்தவன், வீதியில் படுத்திருந்த மாட்டைக் கடைசி நேரத்தில்தான் கண்டிருக்கிறான். மாட்டுக்கு ஒன்றுமில்லை. இவனுக்குத் தோளெலும்பு உடைந்தது.

ஆவணியில் அவனுடைய கூட்டாளி ஒருவனுக்குச் செங்கலடியில் கல்யாணம். பகல் சாப்பாட்டோடு முடிந்துவிடும் என்றான். சாப்பாட்டுக்கு முன்னால் மண்டபத்தின் பின்பக்கம் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"குடிக்காமப் போய்ட்டு வா மனே."

"எல்லாரும் குடிக்கக்குள்ள நான் மட்டும் சோடாவோட நிண்டா, மாடு முட்டினவன் வந்திரிக்கான் எண்டு கத்துவானுகள். இப்ப அதுதான் என்ட பேர்."

அந்தக் கிழமை ஹோட்டலிலிருந்து இரண்டு டின் பியர் கொண்டுவந்தான். வெளிநாட்டுக்காரர் சிலர் இதைத்தான் கேட்டு வாங்குவார்களாம். மதுசாரம் குறைந்த பியர் என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சாரம் குறைஞ்சா நான் என்னத்தக் கட்டுற?"

நான் ஒரு வாய் குடித்தேன். பாண் கருகினது போலக் கசப்பு. மிச்சத்தை இவர் குடித்துவிட்டு, "பியர்தான். ஆனா என்னத்துக்கு வந்தது எண்டத மறந்துபோன பியர்" என்றார்.

எப்படிச் செய்கிறார்கள் என்று மகன் சொன்னான். வாற்கோதுமையை முளைக்கவைத்து, காய்ச்சி, ஈஸ்ட் போட்டு நொதிக்கவிடுவது வழக்கம்போலத்தான். சிலர் நொதிப்பதைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். சிலர் முழுப் பியராக ஆக்கியபின், அழுத்தம் குறைந்த கலத்தில் இளஞ்சூட்டில் வைத்து மதுசாரத்தை, அதாவது அற்ககோலை, ஆவியாக்கி எடுத்துவிடுவார்கள். சூடு குறைவு என்பதால் ருசி அவ்வளவாகக் கெடாது. நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிப்பவள். தண்ணீருக்கு முன்பே அற்ககோல் ஆவியாகும் என்று எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! இத்தனை நாளும் அது என் குசினிக்குள் வந்ததே இல்லை.

"கல்யாணத்துக்கு இதையே கொண்டு போவன், மனே."

"முடிஞ்சிது அம்மா. இனிக் கொழும்பில இருந்துதான் வரோணும்."

அப்படியானால் நானே செய்கிறேன் என்று முடிவெடுத்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் இவரைக் கூப்பிட்டு ஸ்ட்ரோங் பியர் வாங்கி வரச் சொன்னேன்.

"உன்னக் கட்டின நாள்ல இருந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தன்" என்று செருப்பைக் கால்மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

பெரிய பானையில் ஊற்றி, அடுப்பைக் குறைத்து வைத்தேன். அழுத்தத்தைக் குறைக்க என் குசினியில் வழி ஏது? நுரை பொங்கி அடுப்பை அணைத்தது. திரும்பப் பற்றவைத்தேன். ஜன்னல்களைத் திறந்ததும் வாவிப் பக்கமிருந்து வந்த காற்று மணத்தை அள்ளிக்கொண்டு ஒழுங்கைக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், என்ன கா இது? கள்ளத்தனமாக் கசிப்புச் சாராயம் காய்ச்சுறீங்களா?"

"இல்ல கா. கசிப்புக் காய்ச்சுறவன் ஆவியப் புடிச்சு வச்சிட்டு மிச்சத்த ஊத்துவான். நான் ஆவிய விட்டுட்டு மிச்சத்த வச்சிரிக்கன்."

"ஓம், அந்த ஆவியெல்லாம் எங்கட வளவுக்குத்தான் வருது. எங்கட மனிசன் கதிரையத் தூக்கிக்கொண்டு வந்து வேலியோட குந்திட்டார்."

ஆறியபின் ருசித்துப் பார்த்தேன். உப்புப் போடாத வேப்பம்பூ ரசம். வேலையால் வந்த மகன் ஒரு மிடறு குடித்துவிட்டு, உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னான். இஞ்சியை இடித்துப் பிழிந்தான். சீனிப்பாகு, தேசிக்காய்ப்புளி, கடைசியில் குளிர்ந்த சோடா. இப்போது நானே அரைக் கிளாஸ் குடித்தேன். அற்ககோல் இல்லை என்று சத்தியம் பண்ணமாட்டேன், அளந்து பார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. நன்றாகக் குறைந்திருந்தது என்று மட்டும் சொல்வேன்.

காலையில் போத்தல்களை ஐஸ்பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு போனான். பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"அம்மா, ஒண்டு சொன்னா ஏசப்புடா."

"விழுந்திட்டியா?"

"இல்ல. உங்கட பியர் முடிஞ்சிது. வேன் ஓட்டி வந்த ஆக்கள், பைக்ல வந்த ஆக்கள், எல்லாரும் 'அம்மாட பியர் எங்க, அம்மாட பியர் எங்க' எண்டு வாங்கிக் குடிச்சிட்டாங்க. மாப்பிள்ளட மாமா பெட்டிக்குப் பக்கத்துலயே நிண்டவர். எனக்கு ஒரு சொட்டும் இல்ல."

"அப்ப நீ?"

"ஒரு ஸ்ட்ரோங் குடிச்சிட்டன்."

அவனே தொடர்ந்தான்.

"பைக்க மாப்பிள்ளட வீட்டில விட்டுட்டன். செங்கலடிச் சந்தியில நிக்கன். பஸ்ஸில வாறன்."

தைக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழு மூச்சு விட்டேன் என்று நினைக்கிறேன். அவனுக்கு அந்த மூச்சு வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மா? கோவமா?"

"இல்ல மனே. சனம் கூடவா இருந்தா அடுத்த பஸ்ஸில வா. வாசல்ல தொங்காத."

"பஸ்ஸுக்கும் பயமா!" என்று சிரித்துக்கொண்டு வைத்துவிட்டான்.

இவர் முற்றத்தில் நின்று, நாளைக்குக் காலையில் தானும் மகனோடு போய் மோட்டார் சைக்கிளை எடுத்து வருவதாகச் சொன்னார். கல்யாண வீட்டில் ஏதாவது மிச்சமிருக்கும் என்ற நம்பிக்கை. நான் இரவுச் சாப்பாட்டுக்குத் தேங்காய் உடைத்தேன். ஒழுங்கைக்குள் இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள்கள் வந்து போயின. எங்களுடையது செங்கலடியில் நின்றது. இரண்டு பாதியையும் நிறுத்தாமல் துருவி முடித்தேன்.