இடைவேளைக்கு எழுந்தவன்

மே பதினேழாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபத்தாறு நிமிடம். வெளியே பதின்மூன்று டிகிரி, தூறல். மெல்பர்ன் நகரின் கிழக்கே ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இருக்கும் திரையரங்கு. திரையில் ‘இடைவேளை’ என்று எழுத்து வந்தது. நான் எழுந்தேன். இருநூற்றுப் பதினான்கு இருக்கைகளில் பத்தொன்பது பேர் இருந்தோம். எழுந்தவன் நான் ஒருவன்தான்.

இங்கே வந்து குடியேறியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே இடைவேளை கிடையாது. நம் படத்தில் அந்த எழுத்து இருப்பதால் அதுவும் இரண்டு நொடி வந்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். விளக்கு எரியாது, எவரும் அசைய மாட்டார்கள். மகள் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகியும் இங்கே நான் திரையரங்கில் பார்த்த முதல் படம் அது என்பதால் எனக்கு இது தெரியாது. திண்டுக்கல்லில் நாற்பத்து மூன்று ஆண்டுகள் அந்த எழுத்தைப் பார்த்து எழுந்த கால்கள் எனக்கு. அங்கே எழுத்து முழுதாக வருவதற்குள் பக்கவாட்டுக் கதவுகள் திறந்துவிடும். கறுப்புத் திரைச்சீலையைத் தள்ளினால் வெயில் வெள்ளையாக உள்ளே விழும். வெளியே முற்றம், ஒரு பக்கம் கழிப்பறை, மறுபக்கம் முட்டை போண்டா. இருக்கை பறிபோகாமல் இருக்கத் துண்டைப் போட்டுவிட்டுப் போவோம். நானும் அப்படித்தான் என் கோட்டை இருக்கையில் விரித்துப் போட்டேன். கைப்பேசியும் கணக்கு எழுதிய தாளும் அந்தக் கோட்டுப் பையில். பக்கவாட்டுக் கதவின் மேல், வெளியேறும் வழி காட்டும் பச்சை விளக்கில் ஓர் ஆள் ஓடிக்கொண்டிருந்தான். தள்ளினேன், திறந்தது. எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தேன். என் பக்கம் கைப்பிடியே இல்லை.

நான் நின்ற இடம் ஒரு சிமெண்ட் மாடிப்படி. முப்பத்திரண்டு படிகள். கீழே இன்னொரு கதவு, அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கம்பி. கம்பியை அழுத்தினால் அபாய மணி அடிக்கும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. படிக்கத் தெரியாதவனாக இருந்தால் அப்போதே அழுத்தியிருப்பேன். படித்துவிட்டதால் மேலே ஏறினேன். கதவைத் தட்டினேன். உள்ளே சண்டைக் காட்சி. கதாநாயகன் அடித்த அடியில் என் தட்டல் யாருக்குக் கேட்கும்?

நான் ஏன் அந்தப் படத்துக்குப் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்துக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவன் நான். செம்பட்டி, சித்தையன்கோட்டை, ஆத்தூர் என்று முப்பத்தொரு ஆண்டுகள் நடந்தேன். எதைப் பார்த்தாலும் எண்ணுவது அதில் வந்த பழக்கம். எனக்கு இரண்டு கூட்டாளிகள். அந்தோணிசாமி செம்பட்டிக்காரர், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலுச்சாமிக்கு ஆத்தூரில் தென்னந்தோப்பு. கோடையில் வரும் படம் ஒவ்வொன்றையும் முதல் சனிக்கிழமை காலைக் காட்சியில் பார்த்துவிடுவோம். ஒன்றேகாலுக்குப் படம் விட்டதும் எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்காருவோம். டீ வந்த பிறகு நான் கணக்கைச் சொல்வேன்: பாட்டு இத்தனை, சண்டை இத்தனை, கதாநாயகன் கண்ணாடியைக் கழற்றி மாட்டியது இத்தனை தடவை. அதற்குப் பிறகுதான் அபிப்பிராயம். கணக்கு இல்லாமல் பேச்சு தொடங்காது. அந்தோணிசாமி எத்தனை நிமிடம் தூங்கினார் என்பதும் கணக்கில் உண்டு. அம்மா செத்துப்போகும் காட்சியில் வேலுச்சாமி அழுததும் உண்டு. “வேர்வைய்யா, ஏசி வேலை செய்யல” என்பார் அவர்.

ஒரு சட்டமும் இருந்தது. அதைப் போட்டவன் நான்தான். ஒரு வருடம் வேலுச்சாமி அறுவடை வேலையில் படத்துக்கு வராமல், மச்சான் சொன்ன கதையை வைத்துக்கொண்டு டீக்கடையில் வாதாடினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “பார்க்காதவன் பேசக் கூடாது. பாதி பார்த்தவனும் பேசக் கூடாது. இன்னையிலிருந்து இதுதான்” என்றேன். அந்த முழுக் கோடையும் அவரை ஒரு படத்தைப் பற்றி வாய் திறக்க விடவில்லை.

இந்தக் கோடையில் இரண்டு படங்கள் வந்து போயின. இரண்டுக்கும் என்னை அழைத்துப் போக மகளுக்கும் மருமகனுக்கும் நேரம் இல்லை. மூன்றாவது படம் வருவதற்குப் பதினொரு நாள் இருக்கும்போது அந்தோணிசாமி அழைத்தார்.

“யோவ் கணக்கு, பெஞ்சில ஒரு எடம் சும்மா கெடக்கு. பூக்கடை ராசு கேக்குறான். இந்தப் படத்துக்கும் ஒங்கிட்ட இருந்து கணக்கு வரலைன்னா அவனைச் சேத்துக்கிருவோம்.”

“அவனுக்கு எண்ணத் தெரியுமாய்யா?”

“பூவை முழம் போட்டு விக்கிறவன். ஒன்னைவிட நல்லா எண்ணுவான்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பதினொரு நாளும் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. ஊரில் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. குடும்ப அட்டையில் பெயர் நீக்கியாயிற்று. திண்டுக்கல்லில் எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த பெஞ்சில் ஓர் இடம்தான். மகளிடம் மூன்று தடவை கேட்டு, நான்காவது தடவை கேட்டபோது சீட்டு வாங்கித் தந்தாள். வாசலில் இறக்கிவிட்டு, “படம் முடிஞ்சா இங்கேயே நில்லுங்கப்பா, எங்கேயும் நகராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாடிப்படிக்கு வருகிறேன். எழுபத்தொரு வயது, சர்க்கரை வேறு. எதற்காக எழுந்தேனோ அதை அடக்கிக்கொண்டு மூன்று தடவை இறங்கி ஏறினேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு படிகள். இடையிடையே கதவில் காதை வைத்து, கேட்டதை விரலில் எண்ணினேன். ஒரு பாட்டு. ஒரு சண்டை. பிறகு வெகுநேரம் அழுகை. யார் செத்தார்கள் என்று தெரியவில்லை. கைக்கடிகாரப்படி மூன்று மணிக்கு, அதாவது முப்பத்து நான்காவது நிமிடத்தில், இதற்கு மேல் உடம்பு தாங்காது என்று ஆனபோது கீழே இறங்கிச் சிவப்புக் கம்பியை அழுத்தினேன்.

கதவு குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் திறந்தது. அங்கேயே என் அவசரம் தீர்ந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தலைக்கு மேல் மணி அலறியது. கட்டடத்தைச் சுற்றி முன்புறம் வந்தபோது ஒன்பது அரங்குகளின் கூட்டமும் வண்டி நிறுத்துமிடத்தில் தூறலில் நின்றது. நம் படத்தின் ஆட்கள் ஒரு சிறிய கூரைக்கடியில் ஒதுங்கியிருந்தார்கள். உள்ளே ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்காதவர்கள், வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“போன கிழமை வந்த படத்தில கதையெண்டு ஒண்டும் இல்லை. இது பரவாயில்லை” என்றார் கணவரோடு நின்ற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர்.

“இல்லைங்க, அதுல பாட்டாவது நல்லா இருந்துச்சுங்க. இதுல அப்பன் சாவை அரை மணி நேரம் இழுத்துட்டாங்க” என்றார் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்.

“அது தேவையான காட்சி தம்பி. நான் அழுதிட்டன்.”

செத்தது அப்பா என்று அப்படித்தான் தெரிந்துகொண்டேன். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக, தெருவில் நின்று படத்தைப் பற்றிப் பேசும் தமிழைக் கேட்டேன். அவர்களை இப்படி நிற்க வைத்தவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. தண்டமாக இருக்கட்டும் என்று, அருகில் இருந்த காப்பி வண்டியில் அந்த மூவருக்கும் எனக்குமாக நான்கு டீ வாங்கினேன். “ஐயாவுக்குப் படம் எப்பிடி?” என்று அந்த அம்மா கேட்டார். “இன்னும் பாதிதான் ஆகியிருக்கு” என்றேன். உண்மைதான்.

மஞ்சள் மேலாடை போட்ட மேலாளர் பெண், பக்கக் கதவைத் திறந்தவர் யாரேனும் இங்கே உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் கையைத் தூக்கினேன். இடைவேளைக்கு எழுந்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த இடைவேளை என்றார். திரையே என்னை வெளியே போகச் சொன்னது என்றேன். அவர் முகம் மாறியது. மிகவும் கனிவாக, இன்று என்ன கிழமை என்று கேட்டார். சனிக்கிழமை, மே பதினேழு, வெப்பம் பதின்மூன்று டிகிரி, உங்கள் மாடிப்படியில் முப்பத்திரண்டு படிகள், உள்ளே இருநூற்றுப் பதினான்கு இருக்கைகள் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் கனிவு கூடிக்கொண்டே போனது. கோட்டை எடுத்து வந்து போர்த்திவிட்டு, மகளின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

காட்சி அத்தோடு ரத்து. எல்லோருக்கும் ஓர் இலவசச் சீட்டுத் தந்தார்கள். இந்தியப் படங்களுக்குச் செல்லாது என்று பின்னால் அச்சிட்டிருந்தது.

“அப்பா, உங்களுக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று வண்டியில் மகள் கேட்டாள். அந்தக் கேள்விக்கு இருக்கிறது என்று சொன்னாலும் பயனில்லை, கோபப்பட்டாலும் பயனில்லை. “இனிமே தனியா எங்கேயும் வேணாம்ப்பா” என்றாள்.

மாலை ஆறு மணிக்குக் கைப்பேசி அழைத்தது. அங்கே பகல் ஒன்றரை. திரையில் டீக்கடை, வெயில், இரண்டு முகங்கள். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தோள் மட்டும் தெரிந்தது.

“கணக்கைச் சொல்லுப்பா, டீ வந்துருச்சு” என்றார் அந்தோணிசாமி.

பொய் சொல்லியிருக்கலாம். எந்தப் படத்துக்கும் பின்பாதி இழுவை என்று சொன்னால் தப்பாது. பின்பாதியில் இரண்டு பாட்டு, இரண்டு சண்டை என்று சொன்னாலும் அனேகமாகப் பொருந்தும். ஆனால் எண்ணாததை எண்ணியதாகச் சொல்ல எனக்கு வராது. ஆளில்லாத வீட்டு மீட்டரைக்கூட ஒரு நாளும் நான் உத்தேசமாகக் குறித்ததில்லை. முன்பாதியில் மூன்று பாட்டு, இரண்டு சண்டை என்று சொல்லிவிட்டு, நடந்ததையும் சொன்னேன். வேலுச்சாமி சிரித்துச் சிரித்து இருமினார்.

“யோவ், மணியடிச்சு ஊரையே கிளப்பிவிட்டுட்டு வந்துருக்கே. சரி, பொழச்சுப் போ. பின்பாதி?” என்றார் அந்தோணிசாமி.

“கதவு வழியா ஒரு பாட்டு, ஒரு சண்டை கேட்டேன்.”

“கேட்டது கணக்கு ஆகுமா?” அந்தோணிசாமி வேலுச்சாமியைப் பார்த்தார்.

“எப்புடி ஆகும்? ஒரு கோடை முச்சூடும் என் வாயைக் கட்டிப்போட்டவருல்ல இவரு” என்றார் வேலுச்சாமி. “பாதி பார்த்தவனும் பேசக் கூடாது. ஏலே ராசு, நீ சொல்லுப்பா.”

தோள் நகர்ந்து முகமானது. “அண்ணே, கோவிச்சுக்காதீங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவன் முன்பாதி, பின்பாதி என்று பிரித்துக் கணக்கைச் சொன்னான். ஆக ஐந்து பாட்டு, நாலு சண்டை, அப்பா சாவு பதினெட்டு நிமிடம். முன்பாதி என் கணக்கோடு சரியாக இருந்தது. அதற்குமேல் தப்பு என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மறுபடி போய்ப் பார்க்கலாம் என்றால் தனியாகப் போகக் கூடாது. வியாழக்கிழமை படத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்கிடையில் செவ்வாய்க்கிழமை மகள் என்னை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஐந்து தடவையோடு நிறுத்தச் சொல்லியும் இரண்டு வரை போனேன். ஞாபகச் சோதனையில் முப்பதுக்கு முப்பது. மகள் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் தனியாகப் போகலாம் என்று இன்றுவரை சொல்லவில்லை.

நான்காவது படம் இங்கே வரவே இல்லை. அந்தச் சனிக்கிழமை ஆறு மணிக்கு நானே அழைத்தேன். “நீ பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இரு” என்று சொல்லி அந்தோணிசாமி கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தார். இங்கே இருட்டிவிட்டது. திரையின் மூலையில் ஒரு சிறு கட்டத்துக்குள் கம்பளிக்குல்லாயோடு என் முகம். மீதி முழுவதும் திண்டுக்கல் வெயில், பெஞ்சில் மூன்று பேர். யாரோ டீக்குச் சீனி எடுத்தபோது டப்பா நகர்ந்து கைப்பேசி மல்லாந்து விழுந்தது. அதற்குப் பிறகு கடையின் தகரக் கூரை மட்டும்தான் தெரிந்தது. படம் எப்படி என்று மூவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நிமிர்த்தி வையுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பார்க்காதவன் பேசக் கூடாது. பத்தொன்பது நிமிடம் தகரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

சீட்டு இருபத்து நான்கு, டீ இருபத்திரண்டு, மருத்துவர் தொண்ணூறு. ஆக மொத்தம் நூற்று முப்பத்தாறு டாலர்.