சிவத்த ஐயர் லைனில் நிற்கிறார்

போன ஞாயிறு பின்னேரம் ஸ்ட்ரெதமில் ஒரு சேர்ச்சில் இலவசக் கச்சேரி. மேல்நாட்டுச் சாஸ்திரிய இசை. வாங்கு முழுக்க நெருக்கி உட்கார்ந்த ஆட்கள். இருமல்கூடக் கேட்கவில்லை. வயலின்கள் எல்லாம் ஒரே மூச்சாக மேலே ஏறி நிற்கின்றன...

அந்த நேரம் பார்த்து நடு வாங்கிலிருந்து ஒரு குரல் — "ஹலோ! ஹலோ! யெஸ் மேடம்!"

அத்தனை தலையும் திரும்பியது. கத்தியவர் எங்கள் நேசன் அண்ணை. அவரைக் கூட்டிக்கொண்டு போனவன்? வேறு யார்... நானேதான்.

முன் வாங்கில் இருந்த வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் மெதுவாகத் திரும்பி அண்ணையை ஏற இறங்கப் பார்த்தார். நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன். சப்பாத்து நன்றாகத்தான் இருந்தது.

அண்ணை ஏன் கத்தினார் என்று சொல்லாமல் விட்டால் அது அவருக்குச் செய்கிற அநியாயம். பிழை முழுக்க அவருடையது அல்ல. பாதி என்னுடையது. மிச்சப் பாதி சிவத்த ஐயருடையது.

பொறுங்கள், வருகிறேன்.

நேசன் அண்ணை குளியலறைகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். பத்து வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். மிச்சம் என்கிற லண்டன் புறநகரில் ஒரே வீட்டில் அவருக்கு ஒரு அறை, எனக்கு ஒரு அறை. நான் பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்துகொண்டு படிக்கிறவன் — இது உங்களுக்குத் தெரியும், வாரா வாரம் இந்தப் பத்தியில் சொல்லிப் புலம்புகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கடலுக்குப் போனவர். கையெழுத்து என்றால் அவருக்குப் பெருவிரல். அதனால் எட்டு வயதிலேயே எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்துவிட்டது. வருகிற கடிதத்தை வாசித்துச் சொல்வது, போகிற கடிதத்தை எழுதுவது. ஊரை விட்டு வந்தேன். உத்தியோகம் என்னை விடவில்லை.

புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள். ஓய்வு என்பது கடதாசியில்தான். காலையிலேயே ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். ஒருவர் கையில் கவுன்சில் கடிதம், ஒருவர் கையில் கேஸ் பில், இன்னொருவர் கையில் பெனிபிட் ஃபாரம்.

"தம்பி, உதுக்கு ஒருக்கா போன் அடிச்சுக் கதையும்."

அடித்தால் யார் கதைக்கிறார்கள்? உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பெண்குரல் சொல்லும். முக்கியம் என்றால் எடுக்க வேண்டியதுதானே? எடுக்க மாட்டார்கள். பாட்டுப் போடுவார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் என்னவென்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது. வாரம் நாலு மணித்தியாலம் என் காதுக்குள் வாசிக்கிற இந்த மனிதர்கள் யார்? மிச்சம் நூலகத்துக்குப் போனேன். மேதைகளும் அவர்களின் பேர்போன படைப்புகளும் என்று ஒரு தடித்த புத்தகம். சிடிக்களும் இரவல் தருகிறார்கள். பரீட்சைக்குப் படிப்பதுபோல உட்கார்ந்து படித்தேன். அதில் போட்டிருந்த நூறு படைப்புகளில் பதினொன்றை நான் ஏற்கெனவே டெலிபோனிலேயே கேட்டு முடித்திருந்தேன்!

இந்த நாட்டில் மேதைகளுக்கு இறந்த பிறகு கிடைக்கிற வேலை என்ன? ரிசப்ஷனிஸ்ட்.

அவர்களின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. தமிழில் எந்த எழுத்தைப் போட்டாலும் உங்களில் யாராவது திருத்திக் கடிதம் போடுகிறீர்கள். தவிர, எங்கள் வீட்டில் அவர்களுக்கு அண்ணை வைத்த பட்டப்பெயர்களே போதுமாயிருந்தன.

கவுன்சில் லைனில் வாசிப்பவருக்கு இருபது பிள்ளைகள் என்று புத்தகத்தில் இருந்தது. அண்ணையிடம் சொன்னேன்.

"இருபதோ? அப்ப கவுன்சில் வீடு குடுத்தே ஆகவேணும். அதுதான் மனிசன் லைனை விட்டு அசையிறாரில்லை."

அன்றிலிருந்து அவர் இருபது பிள்ளைக்காரர்.

கேஸ் கம்பனிக்கு வாசித்தவர் காது கேட்காமல் போன பிறகும் எழுதியவர்.

"பொருத்தம்தான். உவங்களுக்கும் நாங்கள் சொல்லுறது ஒண்டும் கேக்காது."

"அண்ணை, அவர் பிறந்தது நீங்கள் இருந்த ஊரிலதான். அங்க பெரிய சிலைகூட இருக்காம்."

"எடேய்... பரட்டைத் தலையோட ஒருத்தர் நிப்பார், அவரோ? அவருக்குக் கீழ இருந்துதானே பத்து வருசம் மத்தியானத்துக்குப் பாண் சாப்பிட்டனான்! ஆரோ பழைய மேயர் எண்டு நினைச்சன்."

டெலிபோன் கம்பனிக்காரர் முப்பத்தைந்து வயதிலேயே காலமானவர். அண்ணை உச்சுக்கொட்டினார். "பாவம். லைனில நிண்டே போயிருப்பார்."

கடைசியாக, விசா விஷயம் விசாரிக்கிற லைன். அங்கே வாசித்தவர் பாதிரியார். சிவப்புத் தலைமயிர். நான்கு பருவத்துக்கும் இசை எழுதியவர், லைனில் போனது வசந்தம். "ஐயர் எண்டு சொல்லன்," என்றார் அண்ணை. அப்படித்தான் அவர் எங்களுக்குச் சிவத்த ஐயர் ஆனார்.

சிவத்த ஐயரோடு மட்டும் அண்ணை பகிடி விடுவதில்லை.

ஏனென்றால் சுகந்தி அக்கா அந்த லைனின் மறுகரையில் இருந்தார். அண்ணையின் மனைவி. கலியாணம் முடிந்து மூன்று கிழமை ஒன்றாக இருந்துவிட்டு அண்ணை லண்டனுக்குத் திரும்பி வந்துவிட்டார். அக்கா கொழும்பில் ஒரு அறை எடுத்து விசாவுக்குக் காத்திருந்தார். மாதக்கணக்கு. பதில் இல்லை. ஒவ்வொரு புதனும் நான் போன் அடிப்பேன், அண்ணை பாட்டுக் கேட்கிற தூரத்தில் பக்கத்துக் கதிரையில் இருப்பார், சட்டைப்பையில் ரெஃபரன்ஸ் நம்பர் எழுதிய துண்டு.

அந்த லைனில் பாட்டு எப்படிப் போகும் என்றால்... முதலில் எல்லா வயலினும் சேர்ந்து ஒரு குதூகலம். பிறகு குருவிகள். பிறகு நீரோட்டம். பிறகு திடீரென்று இடி மின்னல். இடி உச்சத்துக்கு ஏறும்போது — டக்! பாட்டு அறுந்துவிடும். ஒன்றில் அந்தப் பெண்குரல் வந்து அழைப்பு முக்கியம் என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து. இல்லாவிட்டால், அதிர்ஷ்டம் இருந்தால், ஆள் எடுப்பார்கள். ஆகவே இடி இடித்தால் அண்ணை கதிரையில் நிமிர்ந்து உட்காருவார். எனக்கு ஷிப்ட் உள்ள நாட்களில் அவரே ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, வேலை அலுப்பில் தூங்கிப்போய், இடிக்கு விழித்து "ஹலோ, யெஸ் மேடம்" என்று அந்தப் பதிவுக் குரலுக்கே மரியாதை செலுத்தியதை நான் ஷிப்ட் முடிந்து வந்து நுழையும்போது கண்டிருக்கிறேன்.

இடிக்குப் பிறகு என்ன? இருவருக்கும் தெரியாது. நூலகத்தில் சிவத்த ஐயரின் சிடியை மட்டும் எப்போது போனாலும் யாரோ இரவல் கொண்டுபோயிருப்பார்கள்.

பத்தாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. வேலை செய்யும் இடத்து முதலாளியிடமிருந்து ஒரு உறுதிக் கடிதம் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

அண்ணை யோசித்தார். "முதலாளியே நான்தானே. எனக்கு நானே எழுதிறதோ? 'அன்புள்ள நேசன், நீர் நல்ல வேலைக்காரன்' எண்டு தொடங்கட்டோ?"

சிரித்தோம். ஆனால் பிழையாக எழுதி அனுப்பினால் பைலை மூடிவிடுவார்கள் என்ற பயம் இருவருக்கும். கேட்டுவிடுவதே நல்லது. புதன் பின்னேரம் மூன்றரைக்கு அடித்தேன். சிவத்த ஐயர் வந்தார். போனார். வந்தார். ஒரு மணித்தியாலம் தாண்டியது.

அன்றைக்குத்தான் நான் புத்தகத்தில் புதிதாக ஒன்று வாசித்திருந்தேன். குருவிக் கட்டத்தில் ஒரு வயலின் அல்ல, மூன்று வயலின்கள் மூன்று குருவிகளாக ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றனவாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணை, கவனிச்சனீங்களோ? முதல் குருவி கூப்பிடுது. ரெண்டாவது பதில் சொல்லுது. மூண்டாவது எங்க எண்டு பாருங்கோ..."

ரிசீவரைக் கையில் தடி மாதிரிப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினேன். அண்ணை முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"தம்பி! உதுக்குள்ள ஆரோ கதைக்கினம்!"

காதில் வைத்தேன். டூ... டூ... டூ...

திரும்ப அடித்தேன். திரும்ப. இன்னொரு தரம். ஐந்து மணிக்கு அலுவலகம் மூடிவிட்டது என்று அதே பெண்குரல் சொன்னது.

ஏசியிருந்தால் பரவாயில்லை. அண்ணை ஏசவில்லை. துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எழும்பி வாசல் வரை போனார்.

"அவள் அங்க ஒவ்வொரு நாளும் போனடியில நிக்கிறாள்," என்றார். "நீ இஞ்ச குருவி எண்ணுறாய்."

படித்தவன் என்று நம்பித்தானே ஆட்கள் கடிதத்தை நம் கையில் தருகிறார்கள்? அந்தப் படிப்பைக் காட்டப் போய் அவர்களின் அலுவலைக் கோட்டைவிட்டால் அது என்ன படிப்பு? அப்பாவுக்குக் கடிதம் வாசிக்கும்போது நான் ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. அப்போது எனக்கு வாசிக்க மட்டும்தான் தெரியும்.

வியாழன் காலை என் ஷிப்டைக் கெஞ்சி மாற்றினேன். லைன் திறக்கும் நேரத்துக்கே அடித்தேன். இரண்டு மணித்தியாலம் ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். உட்காரவில்லை. குருவிகள் பக்கமே போகவில்லை. பதினொன்றரைக்கு ஒரு பெண் எடுத்தார். சொந்தத் தொழில் என்றால் கணக்காளர் கடிதம் போதுமாம். கதை முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை! ஓடினேன் மோர்டனுக்கு, அண்ணையின் கணக்காளரிடம். வெள்ளி மத்தியானம் கடிதம் ஃபாக்ஸில் போய்ச் சேர்ந்தது. அன்று பின்னேரம் தடித்த புத்தகத்தை நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அண்ணை பிறகு என்னோடு பழையபடி கதைத்தார். ஆனால் அந்த மேதைகளைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

மொத்தம் பதினான்கு மாதம். போன மாதம் சுகந்தி அக்கா வந்து இறங்கினார்.

சேர்ச் கச்சேரிக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனது என் பரிகாரம். நூலகச் சுவரில் நோட்டீஸைப் பார்த்தேன். நிகழ்ச்சியில் முதலாவதே சிவத்த ஐயர். அண்ணை கலியாணக் கோட்டுப் போட்டு வந்தார். அக்கா காஞ்சிபுரத்துக்கு மேல் கம்பளிச் சட்டை. கைப்பையில் றோல்ஸ்.

"சேர்ச்சுக்குள்ள சாப்பிடக் கூடாதக்கா."

"இடைவேளை விடமாட்டினமே?"

வயலின்கள் தொடங்கின. அண்ணை சனி முழுக்க ஒரு குளியலறை, ஞாயிறு காலை இன்னொன்று. குதூகலத்தில் தலையாட்டினார். குருவிகளில் கண் சொருகியது. நீரோட்டத்தில் தலை சரிந்து நாடி நெஞ்சில் விழுந்தது. எனக்கு அப்போதே எழுப்பத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? மூன்றாவது குருவி யார் என்று மேடையில் தேடிக்கொண்டிருந்தேன். திருந்துகிற ஜென்மமா?

இடி இடித்தது. ஏறியது. உச்சத்துக்கு வந்தது. அண்ணையின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. துண்டு இன்னமும் அங்கேதான் இருக்கிறது!

"ஹலோ! ஹலோ! யெஸ் மேடம்!"

யாரும் எடுக்கவில்லை.

பாட்டு அறுந்துபோகவில்லை. பெண்குரல் வரவில்லை. வாசித்தவர்கள் நல்லவர்கள், ஒரு வில்கூடத் தடுமாறவில்லை. இடி மெல்ல மெல்ல ஓய்ந்தது. பிறகு... குருவிகள். ஒன்று, இரண்டு, மூன்று. மழை விட்டதா என்று எட்டிப் பார்ப்பதுபோலத் திரும்பி வந்தன. கடைசியில் அந்த முதல் குதூகலம் மறுபடி.

அண்ணை முழு விழிப்பாக உட்கார்ந்திருந்தார். என் பக்கம் சாய்ந்து, "எடேய்," என்றார் மெதுவாக, "உதுக்குப் பிறகும் இருக்கு."

கைதட்டல் ஓய்ந்ததும் முன் வாங்கு மூதாட்டி மறுபடி திரும்பினார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அண்ணையிடம் குனிந்து, "உங்களுக்கு எந்த ஆபீஸ்? எனக்கு இது தண்ணீர்க் கம்பனி," என்றார்.

"என்னப்பா, உவா என்னவாம்?" — அக்கா.

சொன்னேன். முழுக் கதையையும், குருவி எண்ணிய புதன்கிழமை உட்பட. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அண்ணையை.

"அப்ப பதினாலு மாசமும் நீங்கள் இஞ்ச இருந்து இதையோ கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்?"

"ஓம்."

"நல்லாத்தான் இருந்திருக்கிறியள். நான் அங்க சும்மா மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருந்தனான்."

சொல்லிவிட்டு அக்கா கைப்பையைத் திறந்தார். மூதாட்டிக்கும் ஒரு றோல்ஸ் கிடைத்தது.

அந்தத் தடித்த புத்தகத்தில் போட்டிருந்தது நினைவுக்கு வருகிறது — வசந்தத்தின் முதல் பாகத்தை வாசித்து முடிக்க மூன்றரை நிமிடமாம். எங்கள் வீட்டில் பதினான்கு மாதம் எடுத்தது.