கலந்துபோன அரிசி

எங்கள் சித்தப்பா தம் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் விடமாட்டார். கல்யாணமோ காதுகுத்தோ, பந்தியில் இட்லி விழுந்துவிட்டால் போதும், "அந்த மழை வருஷத்துல" என்று ஆரம்பித்துவிடுவார். அவரோடு வீடு வீடாக நடந்தவள் என்பதால் சாட்சிக்கு என்னைக் கூப்பிடுவார். நானும் மறுக்காமல் தலையாட்டி வைப்பேன்.

அறுபதுகளில் ஒரு வருஷம், ஐப்பசி பிறந்ததும் பிடித்த மழை விடவே இல்லை. காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் எங்களுடையது. தெருவில் வீட்டுக்கு ஒரு தறியாவது இருக்கும். எல்லாம் குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, நெய்கிறவர் அதற்குள் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற தறி. மழை விடாமல் பெய்தால் குழிக்குள் ஊற்றுக் கிளம்பிவிடும். அப்பா காலையில் எழுந்து தண்ணீரை மொண்டு மொண்டு வாசலில் ஊற்றுவார். மத்தியானத்துக்குள் குழி பழையபடி நிறைந்து, அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் மினுமினுக்கும். தறி நின்றால் கூலி நின்றது, கூலி நின்றால் உலை நின்றது. அரிசிக்கே நாடு முழுக்கத் தட்டுப்பாடாக இருந்த காலம் வேறு.

தெருமுனையில் ஓர் இளைஞர் மன்றம் இருந்தது. ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு கேரம் போர்டு, முந்தின நாள் பேப்பர், அவ்வளவுதான் அதன் ஆஸ்தி. மன்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஏதாவது ஒரு பதவி இருந்தது. வெறும் உறுப்பினர் என்று யாரும் கிடையாது. சித்தப்பா செயலாளர். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டில்தான் இருந்தார். மழையில் கேரம் போர்டு ஊறிப்போய்க் காய் நகராததால்தான் இவர்களுக்கு ஊர்க்கவலை வந்தது என்று அப்பா சொல்வார். எப்படியோ வந்தது. தறி இல்லாத தெருக்களுக்குப் போய் வீடு வீடாக அரிசி கேட்பது, சேர்ந்ததைத் தறி நின்ற வீடுகளுக்குக் கொடுப்பது என்று தீர்மானம் போட்டார்கள்.

அந்தத் தீர்மானத்தில் சித்தப்பா ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னார். "பிச்சைக்காரன் பையிலதான் எல்லா அரிசியும் ஒண்ணா கலந்து கிடக்கும். நம்ம சனத்துக்கு அப்படித் தரக் கூடாதுப்பா. பச்சரிசிக்கு ஒரு பை, புழுங்கலுக்கு ஒரு பை." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பச்சரிசி குழைகிற நேரத்தில் புழுங்கல் நறுக்கென்று நிற்கும். கலந்த அரிசியை உலையில் போட்டால் சோறும் ஆகாது, கஞ்சியும் ஆகாது. கலந்த அரிசி ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீடு பிச்சை எடுத்தது என்று அர்த்தம். மானத்தோடு இருக்கிற நெசவாளி அதைத் தொடமாட்டான்.

என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மீசை வைத்த நாலு ஆம்பளைகள் வாசலில் நின்றால் கதவைத் திறக்கவே யோசிப்பார்கள், பாவாடை கட்டிய பெண் முன்னால் நின்றால் முறத்தைத் தேடுவார்கள் என்பது சித்தப்பாவின் கணக்கு. எனக்கு என்ன பதவி என்று கேட்டேன்.

"நீ முன்னால நில்லு. அதான் பதவி."

புறப்பட்ட நாள் வெள்ளிக்கிழமை. நல்ல நாள் பார்த்துக் கிளம்புகிறோம் என்று அத்தனை பதவிக்காரர்களும் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் முதல் வீட்டு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்து, யார் வீட்டுப் பெண் என்று விசாரித்து, பரிதாபப்பட்டு, கடைசியில், "வெள்ளிக்கிழமையில வீட்டு அரிசிய வெளிய அனுப்ப மாட்டோமே. லட்சுமி போயிடுவா. வேணும்னா உளுந்து தரேன், வாங்கிக்கோ" என்றார். எதிர் வீட்டிலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் உளுந்து என்றால் அடுத்த வீட்டிலும் உளுந்துதான். அன்று பொழுது சாய நாங்கள் உளுந்து மூட்டையோடு திரும்பினோம். ஊரில் ஒரு பெண்பிள்ளையைக் கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாமென்று சொல்லியிருப்பாள். ஆனால் மன்றத்தில் பெண்களுக்குப் பதவி கிடையாது.

"இத வச்சிக்கினு ஊருக்கெல்லாம் வடையா சுடறது?" என்று சித்தப்பா வழி நெடுகப் புலம்பினார்.

அடுத்து வந்த நாட்களில் அரிசி கிடைத்தது. கோயில் தெருக்களில் பச்சரிசி, கடைத்தெருப் பக்கம் புழுங்கல். மன்றக் கொட்டகை ஒழுகியதால் எல்லாவற்றையும் எங்கள் வீட்டு உள்ளறையில், பச்சரிசி, புழுங்கல், உளுந்து என்று மூன்று தகர டின்களில் கொட்டி வைத்தார்கள். அம்மாதான் காவல். நான் பையைக் கொண்டுவந்து நீட்டினால், அம்மா என் தலை ஈரத்தை முந்தானையால் துவட்டியபடியே இன்னொரு கையைப் பைக்குள் விடுவாள். பார்க்கவே மாட்டாள். "இது பச்சை. பழசு, நல்ல அரிசி. இது ரேஷன் புழுங்கல், கல் இருக்குது" என்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. எனக்கு அது ஒரு விளையாட்டு. பையை மாற்றி மாற்றிக் கொடுத்து ஏமாற்றப் பார்ப்பேன், நடக்காது.

ஆனால் அந்த டின்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் குடித்தது கேழ்வரகுக் கூழ். அதுவும் நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டு வந்தது. எங்கள் தறியும்தானே நின்றிருந்தது. என் தம்பி சின்னவன். டின்னைக் கட்டிக்கொண்டு நின்று, "இது யாரு அரிசி?" என்று கேட்பான். "ஊரு அரிசிடா கண்ணு" என்று அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். பசிக்கிறது என்று அவன் அழுகிற சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். அம்மா எப்போது சாப்பிடுகிறாள் என்று நான் பார்த்ததில்லை. அவள் ஒரு பிடி எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எடுக்கவில்லை.

சித்தப்பா ஒரு நாள் தயங்கித் தயங்கி அப்பாவிடம் கேட்டார். "நம்ம தறியும் நின்னுதானே இருக்குது அண்ணா. நமக்கும் ஒரு பங்கு வச்சா இன்னா?"

"ஊர்ல கேட்டு வாங்கினவன் வீட்டுலயே அரிசி தங்கிச்சின்னா அப்புறம் இந்தத் தெருவுல தலைகாட்ட முடியுமா? நம்ம வீட்டச் சேக்காத" என்றார் அப்பா. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவர் சொன்னது எப்படியோ தெருவில் பரவிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தமக்கும் வேண்டாம் என்றார். அவர் வேண்டாம் என்றதும் எதிர் வீட்டுக்காரர் மட்டும் எப்படி வாங்குவார்? ஞாயிற்றுக்கிழமை அரிசி கொடுப்பதாக இருந்தது. சனிக்கிழமை வரைக்கும், வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல ஒரு வீடும் இல்லை. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன, எல்லா வீட்டிலும் மானம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது. சித்தப்பா முகம் செத்துப்போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் மழை கொட்டித் தீர்த்தது. நானும் சித்தப்பாவும் கடைசியாக ஒரு தெரு சுற்றிவிட்டு நனைந்துபோய் உள்ளே வந்தோம். உள்ளறையில் எங்கள் பெரிய பித்தளை அண்டா நடுவில் இருந்தது. பச்சரிசி, புழுங்கல் எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடந்தது. அரிசி டின்கள் இரண்டும் காலி.

"ஒழுவிச்சு தம்பி. நனையப் போவுதேன்னு எடுத்துக் கொட்டினேன். மழ இருட்டுல எது எதுன்னு தெரியல" என்றாள் அம்மா.

சித்தப்பா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அப்பா அம்மாவைக் கடுமையாகப் பேசினார். என் ஞாபகத்தில் அவர் அப்படிப் பேசியது அந்த ஒரு முறைதான். மன்றத்துப் பதவிக்காரர்கள் செய்தி கேட்டு ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு முறத்தில் அள்ளி வைத்துக்கொண்டு பச்சரிசியை ஒரு பக்கம், புழுங்கலை ஒரு பக்கம் பொறுக்கத் தொடங்கினார்கள். உள்ளங்கை அளவு பிரிப்பதற்குள் பொருளாளருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் பயந்துபோய், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, டின்கள் இருந்த மூலையில் தரை காய்ந்திருந்ததால் அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன். தெரு மொத்தமும் அம்மாவைத் திட்டப்போகிறது என்று நினைத்தேன்.

அம்மா மட்டும் அடுப்படிக்கும் உள்ளறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். போகிற போக்கில், "அந்த உளுந்து டின்னு அப்பிடியேதான் இருக்குது. அத இன்னா பண்றது தம்பி?" என்று கேட்டாள்.

சித்தப்பா எரிச்சலோடு உளுந்தைப் பார்த்தார். பிறகு அண்டாவைப் பார்த்தார். மறுபடி உளுந்தைப் பார்த்தார். மெதுவாக எழுந்து நின்றார்.

"அண்ணி, கோயில் இட்லிக்கு அரிசி எப்பிடிப் போடுவாங்க?"

"பாதி பச்ச, பாதி புழுங்கல்" என்றாள் அம்மா, தலை நிமிராமல்.

சித்தப்பாவின் முகத்தில் அன்று வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "அப்ப இது பிச்சக்கார அரிசி இல்லப்பா. இட்லி அரிசி" என்று மன்றத்தாரைப் பார்த்துச் சொன்னார். முறங்கள் கீழே இறங்கின. மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, மிளகு சீரகம் சுக்கு சேர்த்து வேகவைக்கிற குடலை இட்லி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் மாதிரி வீடுகளில் சாதா இட்லியே தீபாவளிக்குத்தான். அப்பா அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மழ விடணும்னு பிள்ளையாருக்குப் படையல்னு சொல்லிடுங்க. பிரசாதத்த யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க" என்றார்.

மத்தியானத்துக்குள் அரிசியை ஊறவைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் ஆட்டுக்கல் இருந்த வீட்டிலெல்லாம் கல் சுற்றும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அடுத்த கவலை பிடித்தது. இந்தக் குளிரில் மாவு புளிக்குமா? புளிக்காத மாவில் இட்லி ஊற்றினால் கல்லாகத்தான் வரும். தெருக்கோடியில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர், தம் கொட்டகையில் உமி அடுப்பைக் கனியவிட்டு, மாவுப் பானைகளை அதைச் சுற்றி வைத்துக் கோணிச் சாக்கால் மூடினார். வேலை இல்லாமல் கிடந்த அந்த அடுப்பு அன்றைக்குத்தான் சூடு கண்டது. விடிந்ததும் குழந்தைகள் எல்லோரும் முதலில் ஓடியது அங்கேதான். சாக்கை எடுத்தார். மாவு பானைக் கழுத்து வரை பொங்கி, மூடியிருந்த தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. அங்கே நின்ற பெரியவர்கள் மூச்சு விட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அப்பாடா என்று எனக்கும் அழுகையாக வந்தது.

பிள்ளையாருக்குக் காட்டிவிட்டு, மன்றக் கொட்டகையில் பந்தி போட்டார்கள். ஒழுகுகிற இடத்தில் மட்டும் இலை போடவில்லை. தெருவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் எதிர் வீட்டுக்காரரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் தம்பி தின்ற தினுசைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். கடைசிப் பந்தியில் அம்மா உட்கார்ந்தாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நான் எதிரில் நின்றேன். மறுநாளும் படையல் நடந்தது, அதற்கு மறுநாளும். மழை விட்டுக் குழிகள் காய்கிற வரைக்கும் பிள்ளையார் தினமும் இட்லி சாப்பிட்டார். தெருவில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சே எழவில்லை.

சித்தப்பாவின் கதை இங்கே முடிந்துவிடும். "மூளைய உபயோகிச்சேன்" என்று முடிப்பார். பந்தியில் அம்மா இருந்தால், "ஆமா, தம்பிதான் சொன்னாரு" என்று அவருக்கு இன்னொரு இட்லி வைப்பாள். வேறு எதுவும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என் வீட்டு அடுப்படியில், பச்சரிசி எது புழுங்கல் எது என்று பார்க்காமலே கைக்குத் தெரிகிற வயது எனக்கு வந்த பிறகுதான், ஒழுகியதாக அம்மா சொன்ன அந்த மூலைத் தரை காய்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

அன்றைக்கு எனக்கு, அம்மா திட்டு வாங்கினாளே என்ற ஒரே ஒரு வருத்தம்தான் இருந்தது. பந்தி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவால்லம்மா, இனிமே இருட்டுல நான் பாத்துச் சொல்றேன்" என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.