ஆளில்லாத ஊரின் வரகு

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அன்னவாசல் பக்கம் ஒரு விதைப் பண்ணையில் உதவியாளனாக இருந்தேன். மறைந்துவரும் புன்செய்ப் பயிர்களின் விதைகளைத் திரட்ட வெளிநாட்டிலிருந்து ஒரு தாவரவியல் அம்மையார் வந்தார். கிடைப்பதில் பாதி எங்கள் பண்ணைக்கு, பாதி அவர் நாட்டில் விதைகளைக் காக்கும் குளிர் அறைக்கு என்று ஏற்பாடு. அவரை ஊர் ஊராகக் கூட்டிப்போவதும் பேச்சை மொழிபெயர்ப்பதும் என் வேலை.

ஒரு மதியம் குடுமியான்மலைக்கு அப்பால், ஜீப் போகாத இடத்தில் இறங்கி நடந்தோம். காலராவில் பாதிப் பேர் செத்து, மிச்சப் பேர் கிளம்பிப்போய்விட்ட ஊர் அது. கூரையில்லாத மண்சுவர்கள் மட்டும் நின்றன. கடைசி வீட்டுக்குப் பின்னால், ஒரு துண்டு நிலத்தில், வரகு முற்றித் தலைசாய்ந்திருந்தது. சுற்று வட்டாரமே காய்ந்து கிடந்த வருஷம். இங்கே ஒரு களைகூட இல்லை.

“ஒரு குருவிகூட இல்லை, கவனித்தீர்களா?” என்றார் அம்மையார். அப்போதுதான் அந்த நிசப்தம் எனக்கு உறைத்தது.

அவர் ஒரு கதிரைத் தொட்டார்.

“யாரைக் கேட்டுத் தொடுறீங்க?”

கதவில்லாத நிலைக்குள் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் வந்த காலடிச் சத்தம் எங்கள் இருவருக்குமே கேட்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன்.

“நான் இப்ப இருக்கிறது பக்கத்து ஊருங்க. எம்புருசனும் பிள்ளைகளும் இங்கிட்டுத்தான் போய்ச் சேந்தாக. ஆடியில வந்து வெதைப்பேன். அறுக்க மாட்டேன். இது அவுகளுக்கு.”

“எங்களுக்குக் கொஞ்சம் விதை தருவீங்களா?”

“எங்கிட்டக் கேட்டா எப்படி? இருங்க.”

உள்ளே போனாள். உள்ளே என்ன இருந்தது? நான்கு சுவரும் மேலே வானமும்தான். தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். நிறுத்தினாள். பதில் கேட்பவள்போல ‘ம்’ கொட்டினாள். ஒரு சொல்லும் புரியாத அம்மையார்கூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தவள், “ஒரு கை எடுத்துக்கிடச் சொல்றாக. ஆனா போற எடத்துல வெதைக்காம போட்டுறக் கூடாதாம்” என்றாள்.

“அதற்காகத்தான் கொண்டுபோகிறேன் என்று சொல்லுங்கள்” என்றார் அம்மையார். சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்துத் தலையாட்டினாள்.

எங்கள் பங்கு நிலைக்கவில்லை. கிடங்கில் ஈரம் ஏறி முளைப்பு செத்துப்போனது. மறு வருஷம் கதிர் முற்றும் பருவத்தில் அவளிடமே மறுபடி கேட்கலாமென்று போனேன். நிலத்தை ஆவாரஞ்செடி மூடியிருந்தது. பக்கத்து ஊரில் விசாரித்தபோது, “அந்தம்மா இந்த ஆடிக்கு முந்தியே தவறிப்போச்சுங்க” என்றார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் அம்மையார் ஒரு சிறு பொட்டலத்தோடு வந்தார். தங்கள் நாட்டில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் விளைவித்த அதே வரகு. கொடுக்கும் முன், “அந்தப் பெண் நலமா?” என்று கேட்டார். இறந்துபோன சேதியைச் சொன்னேன்.

“எப்போது?”

“போன வருஷம், ஆடிக்கு முன்னால்.”

“அப்போதிருந்துதான் எங்கள் தோட்டக்காரர் இந்தப் பாத்திக்குத் தனியாகப் போக மறுக்கிறார். யாரோ தாழ்ந்த குரலில் பேசுகிறார்களாம். இந்த ஊரைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.”

பண்ணையில் பல ஊர் வரகுகளோடு அதையும் சோதனைக்கு விதைத்தோம். மழை பொய்த்தது. மற்றதெல்லாம் கருகியபோது இது மட்டும் கதிர் பிடித்தது. களையெடுக்க வந்த பெண்கள் அந்தப் பாத்திக்கு ஜோடியாகத்தான் போனார்கள். ஒருத்தியிடம் பயமா என்று கேட்டேன்.

“பயமில்லீங்க. பக்கத்துல ஆளு பேசிக்கிட்டிருக்காப்புல இருக்கு. நம்ம ஊடால பேசக் கூடாதுன்னு தோணுது.”

அந்த விதை பிறகு வறண்ட நாடுகள் சிலவற்றுக்கும் போயிற்று. பண்ணையைவிட்டு மாறிப்போகும்வரை, பட்டப்பகலில்கூட நான் அந்தப் பாத்திக்குத் தனியாகப் போனதில்லை.