தறிக்கூடத்துச் சைகை

டிவியில் பிலிப்பைன்ஸ் அடிதடிப் படம். கும்பலைக் காட்டிக்கொடுத்தது யார் என்று தாதா மிரட்ட, தம்பியைக் காப்பாற்ற அண்ணன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.

சோமனூர் தறிக்கூடம் என் கண்முன் வந்தது. விசைத்தறி இரைச்சலில் பேச்சு கேட்காது. எங்கள் வீட்டில் சைகைதான் பாஷை. சின்ன வயதில் ஒருநாள், பட்டம் விட நான் தறியில் ஓடிய பாவு நூலை அறுத்திருந்தேன். யார் வேலை என்று கேட்பதுபோல் அப்பா அறுந்த இழையைத் தூக்கிக் காட்டினார். என் அண்ணனும் இப்படியேதான் நெஞ்சைத் தொட்டான். எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தன் உதட்டில் விரல் வைத்தான். அடி அவனுக்கு விழுந்தது, ஓவென்று அழுதது நான்.

"பெரியவன் பொய் சொல்றான்," என்றார் பக்கத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா.

"அன்னைக்கு அண்ணனும் பொய்தானுங்கப்பா சொன்னான். நூலை அறுத்தது நான்."

"தெரியும் கண்ணு. உதட்டுல விரல் வெக்கற அந்தச் சைகையும் நான் சொல்லிக் குடுத்ததுதானே?"

"அப்பறம் ஏனுங்க அவனை அடிச்சீங்க?"

"அதுக்கப்பறம் நூல்ல நீ கை வெச்சியா?"