ஆறு கிலோமீட்டரில் ஓர் ஓடுபாதை

இது கட்டிவிட்ட கதை இல்லை. சந்தேகம் இருந்தால் கே.கே. நகரில் இருக்கும் ஜெயராமிடமே போய்க் கேளுங்கள். நாள், மணி, நிமிடம் எல்லாம் அப்படியே சொல்வான். சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சாப்பிட மாட்டான்.

ஜெயராம் குட்டி விமானம் ஓட்டுகிறவன். முன்னால் அவன், பின்னால் இன்னொருவர், அவ்வளவுதான் இடம். மதுரைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. போன ஐப்பசியில் கண்மாய்களை மேலிருந்து படம் எடுக்கும் வேலை கிடைத்தது. படம் எடுக்கிறவன் அழகுபாண்டி. பழகி நாலு மாதம்கூட இல்லை, அதற்குள் மாப்ள முறையாகிவிட்டார்கள். அழகுபாண்டியின் மனைவிக்கு அது நிறைமாதம். "ஆறு மணிக்குள்ள என்னைய எறக்கி விட்ரு மாப்ள" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான்.

சாயங்காலம் 4.50. பரவைக்கு அப்பால் ஒரு பொட்டலிலிருந்து கிளம்பினார்கள். 5.31க்குக் கொட்டாம்பட்டிக்கு மேல் வந்தபோது ஜெயராம் திரும்பிப் பார்த்தான். அழகர்மலையைக் காணவில்லை. வந்த வழி முழுவதையும் மழை மூடிவிட்டது. பெட்ரோல் இருபத்தைந்து நிமிடத்துக்குத்தான் வரும், மழையைச் சுற்றிக்கொண்டு போகப் போதாது. கீழே எங்கு பார்த்தாலும் தண்ணீர் கட்டிய நெல்வயல். சக்கரம் சேற்றில் பதிந்தால் விமானம் தலைகுப்புறக் கவிழும், இரண்டு பேரும் பிழைக்க மாட்டார்கள்.

 கையில் இருந்த ஜி.பி.எஸ்.ஸில், பக்கத்து விமானத்தளங்களைக் காட்டும் பொத்தானை அழுத்தினான்.

மதுரை, 51 கிலோமீட்டர். திருச்சி, 74. இரண்டுமே எட்டாது. ஆனால் அவற்றுக்கு மேலே இன்னொரு வரி இருந்தது. பெயர் இல்லை. 6 கிலோமீட்டர்.

ஜெயராமுக்கு ஒரு பழக்கம். கோடையில் காய்ந்து கிடக்கும் கண்மாயைப் பார்த்தால், அவசரத்துக்கு இறங்க உதவுமே என்று கருவியில் சேர்த்துவைப்பான். பெயர் போட மட்டும் சோம்பல். இதுவும் பங்குனியில் சேர்த்ததாக இருக்கும் என்று நம்பினான். இது மழைக்காலம் என்பது உறைக்கவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள், அதுதான் நடந்தது.

5.34. விமானத்தைத் திருப்பினான்.

"எங்க போற?" ஹெட்போனில் அழகுபாண்டி கேட்டான்.

"எறங்க எடம் இருக்குடா, பக்கத்துலயே."

"அங்க வேணாம் மாப்ள."

"ஏன்?"

அழகுபாண்டி கேமராவைப் பைக்குள் போட்டு மூடினான்.

நான்கு கிலோமீட்டர்... மூன்று... அப்போது ஹெட்போனில் இன்னொரு குரல் வந்தது. நிதானமான ஆண் குரல்.

"வாங்க... காத்து நேராத்தான் இருக்கு... எறங்குங்க..."

யாரோ கீழே ரேடியோ வைத்திருக்கிறார்கள் என்று ஜெயராமுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் ஏதோ சத்தம். களக்... களக்... குடத்துக்குள் தண்ணீர் அலம்புவதுபோல.

5.37. மழைத் தூறலுக்கு நடுவே கறுப்பாக, நீளமாக, ஓடுபாதை தெரிந்தது. இறக்கினான். முந்நூறு அடி. நூறு. அறுபது...

"தண்ணிடா! கம்மாய்டா அது!"

அழகுபாண்டி அலறினான். ஜெயராம் உயிரைக் கொடுத்து மேலே இழுத்தான். சக்கரம் தண்ணீரில் உரசியது.

சளார்!

அந்தக் குரல் பதறவே இல்லை.

"சரி... நீங்க போங்க... பின்னாடி இருக்கவன மட்டும் எறக்கி விட்டுட்டுப் போங்க..."

க்ளிக்.

"பெல்ட்ட ஏண்டா அவுத்த?" பின்னால் கேட்ட சத்தத்துக்கு ஜெயராம் கத்தினான்.

"நான் தொடல மாப்ள!"

அழகுபாண்டி மாட்டினான்.

க்ளிக்.

மறுபடி மாட்டினான்.

க்ளிக்...

5.41. கண்மாய்க்கு அப்பால் மேட்டில் ஒரு கடலைக்காடு. அங்கே மோதாத குறையாக இறங்கினார்கள். முன்சக்கரம் ஒடிந்தது. இருவருக்கும் உயிர் மிஞ்சியது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சின்னத்தாய் என்கிற பெண் ஓடிவந்து ஜெயராமுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அடுத்து அழகுபாண்டியிடம் நீட்டியவள் அவன் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆத்தி... மூணு வருசத்துக்கு முன்னாடி இந்தக் கம்மாயில ஒரு பிளேன் விழுந்துச்சே. அதுல பின்னாடி இருந்தது நீங்கதான?"

அழகுபாண்டி ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்தான்.

"முன்னாடி இருந்த தம்பி எம்புட்டுக் கத்துச்சு... 'பெல்ட்டு வரமாட்டேங்குது, அவுத்து விட்டுட்டுப் போ அழகு'ன்னு. கரையில நின்ன எனக்கே கேட்டுச்சு. எனக்கு நீச்சத் தெரியாது. நீச்சத் தெரிஞ்ச நீங்க திரும்பிக்கூடப் பாக்கலையே."

அழகுபாண்டி கடலைச்செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். ஜெயராமால் அவன் தோளைத் தொட முடியவில்லை.

மறுநாள் விமானத்தைப் பார்க்க வந்த மெக்கானிக் மலையாண்டி, ரேடியோவைப் பிரித்தவுடனேயே கையை விரித்தார். அதன் வயர் அறுந்து முனையில் களிம்பு ஏறியிருந்தது, கிளம்புவதற்கு முன்பே அறுந்ததாம். வெளியிலிருந்து ஒரு குரலும் வந்திருக்க வழியே இல்லை. அந்த ஹெட்போனில் கேட்டிருக்கக்கூடியது விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு மட்டும்தான்.