எண்பத்தாறும் தொண்ணூற்றெட்டும்

குலுக்கல் நடந்த அன்று என் கணவருக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் இல்லாமல் ஷிப்ட் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். மூலனூரில் பூர்வீக வீட்டில் அவருக்குப் பங்கு இருந்தது; சொந்த வீடு உள்ளவருக்கு மனை கிடையாது என்பதால் விண்ணப்பத்தை என் பெயரில்தான் போட்டிருந்தோம். ஆகவே சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நான் மட்டும் பஸ் ஏறினேன். எண்பதுகளின் நடுப்பகுதி. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

திருப்பூருக்கு வெளியே மேட்டாங்காடாகக் கிடந்த நிலத்தைச் சமன்படுத்தி அரசு மனைகள் பிரித்திருந்தது. மனைகள் கொஞ்சம், கேட்டவர்கள் அதிகம். அதனால் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி, எல்லோர் கண் முன்னாலும் குலுக்கி எடுப்பதாக ஏற்பாடு. ஆளுக்கொரு அட்டையில் நம்பர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். என் நம்பர் 98.

முன்வரிசை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நெருப்பெரிச்சல் என்ற ஊரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார். பனியன் கம்பெனியில் துணி விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். நான் செக்கிங்கில் இருக்கிறேன் என்றதும் சிரித்தார்.

"நாங்க தெக்கிறதுல குத்தம் கண்டுபிடிக்கிற ஆளுங்களா நீங்க? உங்க நம்பர் என்னங்க அம்மிணி?"

அட்டையைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுத் திருப்பிப் பிடித்தார்.

"இதென்ன கூத்துங்க! உங்க அட்டையத் தலைகீழாப் புடிச்சா என்ற நம்பரு வருதுங்க."

அவருடைய அட்டையில் 86 என்று இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் அவருடைய கொள்ளுப் பருப்பில் பாதியை எனக்குப் போட்டார். மனை கிடைத்தால் எப்படி வீடு கட்டுவார் என்று சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

"கெழக்கால ஒரு ரூமு. பெரிய சன்னலா வெச்சு, அதுக்குக் கிட்டத்துல ஒரு மிசினைப் போட்டுட்டா, கம்பெனிக்கு ஓடாம ஊட்டுலயே தெச்சுக்குவனுங்க. கண்ணுக்கு வெளிச்சம் வேணுமல்லங்க. எங்க ஊட்டுக்காரரு, உனக்கெல்லாம் எங்க சீட்டு உழுகப்போவுதுங்கறாரு. பாக்கலாமுங்க."

மேடையில் ஒரு தகர டிரம். சீட்டுகளைச் சுருட்டி, பிரியாமல் இருக்கச் சைக்கிள் வால்டியூப் துண்டுகளை மாட்டி உள்ளே போட்டிருந்தார்கள். ஒருவர் எடுத்து டியூபைக் கழற்றிக் கொடுப்பார், அதிகாரி விரித்துப் படிப்பார், குமாஸ்தா பதிவேட்டில் எழுதுவார். படித்த சீட்டைக் கசக்கிக் காலடியில் இருந்த கூடையில் போட்டுவிடுவார் அதிகாரி. காலையிலிருந்து கத்திக் கத்தி அவர் தொண்டை கட்டியிருந்தது.

கடைசி மனைக்கு வந்தார்கள். சீட்டை விரித்து, "தொண்ணூற்றெட்டு" என்றார்.

நான் எழுந்தேன். அந்த அக்காவும் எழுந்தார்.

"சார், தலைகீழாப் புடிச்சுப் படிச்சுட்டீங்க. அது எண்பத்தாறுங்க. நீங்க கசக்கறதுக்குத் திருப்பினப்ப நான் இங்கிருந்தே பாத்தனுங்க."

"படிச்சாச்சும்மா. எழுதியும் ஆச்சு. உக்காருங்க."

"அந்தச் சீட்ட ஒருக்கா காட்டுங்க சார். இல்லாட்டி டிரம்முக்குள்ள என்ற நம்பரு கெடக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. கெடந்துதுன்னா நான் பேசாமப் போயிடறனுங்க."

நியாயமான பேச்சு. ஆனால் மனை கிடைக்காதவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஆளுக்கொரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்; இதுவும் அதில் ஒன்றாகப் போயிற்று. பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து அந்த அக்காவை ஓரமாக நிற்கச் சொன்னார். டிரம்மைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். குமாஸ்தா காட்டிய இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பாவை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போனேன். மண்டபம் காலி. டப்பா பெஞ்சுக்கடியில் இருந்தது. கழுவிக்கொண்டு போகலாம் என்று பின்பக்கம் குழாயடிக்குப் போனால், அங்கே குப்பைமேட்டில் எச்சில் இலைகளோடு அந்தச் சீட்டுகளைக் கொட்டியிருந்தார்கள். கசக்கிய சீட்டுகள் கொஞ்சம். மற்றதெல்லாம் வால்டியூப் கழற்றாமல், பிரிக்காமல் அப்படியே கிடந்தன.

குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 86 கிடைத்துவிட்டால் மனது அடங்கிவிடும் என்றுதான் பிரித்தேன். முப்பதோ நாற்பதோ பிரித்திருப்பேன். ஒரு சீட்டு, ஒருபுறம் பிடித்தால் 98, தலைகீழாகப் பிடித்தால் 86 என்று இருந்தது. அட்டைகளையும் சீட்டுகளையும் எழுதியது ஒரே கை. அந்தக் கை ஒன்பதை எழுதினால் கால் குச்சி மாதிரி நேராக இருக்கும். ஆறை எழுதினால் முதுகு வளைந்திருக்கும். எட்டில் மேல் வட்டம் சின்னது, கீழ் வட்டம் பெரியது. என் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் சந்தேகமில்லை. அது 98. என் சீட்டு. அதை யாரும் எடுக்கவே இல்லை.

அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கணவரிடம் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு அடுப்பில் போட்டார்.

"நாம ஆரையும் ஏமாத்துல. படிச்சது அவன். இதை ஆருகிட்டயும் சொல்லாதே" என்றார்.

நானும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் முன்சீப் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. அந்த அக்கா வாதி. அதிகாரி முதல் பிரதிவாதி, நான் இரண்டாவது. வழக்கு முடியும்வரை மனையில் யாரும் எதுவும் கட்டக்கூடாது என்று தடை உத்தரவு. அதன்பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா. எனக்கு ஒரு பெண் பிறந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். காலனியில் மற்ற மனைகளில் எல்லாம் வீடு எழும்பிவிட்டது. எங்கள் மனையில் மட்டும் வேலிக்கருவை ஆளுயரம் வளர்ந்து நின்றது.

கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சுதான். நாங்கள் இருவரும் அதில்தான் உட்கார்ந்தோம். முதல் தடவை நான் தள்ளி நின்றேன். அவரே கூப்பிட்டார்.

"வந்து உக்காருங்க அம்மிணி. நீங்க என்ன பண்ணுவீங்க? அவன் தப்பாப் படிச்சான், நீங்க எந்திரிச்சீங்க. உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க. வக்கீலு உங்க பேரையும் சேக்கோணும்னாருங்க, அதுக்குத்தான்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாய்தாவுக்கும் என் குழந்தையைப் பற்றி விசாரிப்பார். ஒருமுறை கம்பெனி வேஸ்ட் துணியில் அவளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சட்டையைக் குழந்தைக்கு ஒருநாளும் போட்டுவிடவில்லை. அதை அலமாரியில் வைத்தால் அலமாரியைத் திறக்கப் பயமாக இருந்தது. பரண்மேல் போட்டேன். பரண் இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுப்பதை விட்டேன்.

விசாரணையில், எடுத்த சீட்டும் இல்லை, மிச்சச் சீட்டுகளும் இல்லை, பதிவேடு மட்டும்தான் இருக்கிறது என்று அலுவலகம் சொன்னது. சாட்சிக் கூண்டில் என்னை ஏற்றினார்கள். அந்த அக்காவின் வக்கீல் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். எதையும் எதிர்பார்க்காமல், கேட்டு வைப்போம் என்றுதான் கேட்டிருப்பார்.

"குலுக்கல் முடிஞ்சப்புறம் மறுபடி மண்டபத்துக்குப் போனீங்களாம்மா?"

அந்த அக்கா கீழே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமில்லை. நான் தடுமாறாமல் சொல்லிவிட வேண்டுமே என்று எனக்காகக் கவலைப்படுகிற மாதிரி இருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

வாதி தன் தரப்பை நிரூபிக்கவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. அவர் அப்பீலுக்குப் போகவில்லை. வராந்தாவில் என்னிடம் வந்து, "போயிட்டு வாரனுங்க அம்மிணி, நல்லா ஊட்டைக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருடைய கணவர் சைக்கிளோடு வெளியே நின்றிருந்தார். அக்காவை ஏற்றிக்கொள்ளாமல், தான் மட்டும் ஏறி மிதித்துப் போய்விட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டைக் கட்டினோம். மனையின் அமைப்புக்கு ஏற்ற மாதிரி கொத்தனாரும் என் கணவரும் பேசி முடிவு செய்தார்கள். நான் எதிலும் தலையிடவில்லை. கூரை போட்டு முடித்த பிறகு உள்ளே போய்ப் பார்த்தால், கிழக்கே ஒரு அறை, அதில் பெரிய ஜன்னல். ஜன்னலை அடைக்கலாமா என்று கேட்டேன். கணவர் என்னை ஒருமாதிரி பார்த்தார்.

குடிபோன சில மாதங்களில் தொடங்கியது. செக்கிங்கில் எனக்கு வேலை இல்லாத நாட்களில், மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவுகிற நேரம். கணவர் கம்பெனியில், மகள் பள்ளிக்கூடத்தில். அந்த அறையிலிருந்து தையல் மிஷின் ஓடுகிற சத்தம் வரும். ஓவர்லாக் மிஷினுக்கு ஒரு சீறல் உண்டு. செக்கிங் டேபிளில் பத்து வருடம் உட்கார்ந்த எனக்கு அது தெரியாமல் போகாது. கையைத் துடைத்துக்கொண்டு போனால் நின்றுவிடும். பக்கத்துத் தெருவில் யாராவது மிஷின் வைத்திருப்பார்கள் என்றார் கணவர். தெருத்தெருவாகப் போய்க் கேட்டேன். அந்தப் பக்கத்தில் அப்போது யார் வீட்டிலும் ஓவர்லாக் இல்லை.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் அல்ல. அந்த அக்கா உயிரோடு, ஐந்து மைல் தள்ளி, ஏதோ ஒரு கம்பெனியில் தைத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். உயிரோடு இருக்கிறவர் எப்படி இங்கே வந்து உட்கார முடியும்? ஆனாலும் அந்த அறைக்குள் போகும்போது கதவைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. துணி மடிக்க உள்ளே உட்கார்ந்தால் ஜன்னல் பக்கத்து இடத்தை விட்டுச் சுவரோரமாக உட்காருவேன். வெளிச்சத்தை மறைக்கக்கூடாது என்பது போல. இதை நான் செய்கிறேன் என்பதே ஒருநாள் மகள் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நாலு வருடம் இப்படிப் போயிற்று. எங்கள் செக்கிங் பிரிவில் நெருப்பெரிச்சலிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். பேச்சுவாக்கில் அந்த அக்காவைப் பற்றிச் சொன்னாள். அவருடைய கணவர் இறந்து ஆறு மாதம் ஆகிறதாம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போனேன்.

அதே லைன் வீடு. வாசலில் பனியன் குவியலை வைத்துக்கொண்டு பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடி போட்டிருந்தார். மிஷினில் உட்கார இப்போது கண் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். என்னை அடையாளம் கண்டதும் எழுந்து பாய் விரித்து, டீ வைக்கப் போனார். வேண்டாம், முதலில் உட்காருங்கள் என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவை மறந்தது, குப்பைமேடு, குச்சிக் கால் ஒன்பது, அடுப்பு, கூண்டில் சொன்ன பொய்.

கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"அப்ப, நான் பாத்தது சரிங்களா?" என்றார்.

"சரிங்கக்கா. எண்பத்தாறுதானுங்க."

"நான் சரியாத்தான் பாத்தேன்" என்றார் மறுபடியும், என்னிடம் அல்ல. "அவரு சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுனாருங்க. இல்லாததைப் பாத்துட்டு வந்து கோர்ட்டு கோர்ட்டுன்னு இழுத்தடிச்சவ, கிறுக்குன்னு. சொந்தக்காரங்க முன்னாடியெல்லாம் சொல்லுவாருங்க. மொதல்ல சண்டை போட்டனுங்க. அப்பறம் கண்ணு மங்க ஆரம்பிச்சுதா, நானே நம்பிட்டனுங்க. அன்னைக்கே என்ற கண்ணு சரியில்லாம இருந்திருக்கும், நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்னு."

இடமும் வீடும் போனதைத்தான் நான் அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

அதற்குள் அவருடைய மகள் கடைக்குப் போய்விட்டு வந்தாள். இருபது வயதிருக்கும். "இவகிட்ட ஒருக்கா சொல்லுங்க" என்றார். முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

"நானும் உன்னய அப்படித்தானம்மா சொன்னேன்" என்றாள்.

"உடு கண்ணு."

நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வீட்டை எழுதிக் கொடுக்கச் சொன்னால் கணவரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் ஓடியது. அவர் பனியன்களைச் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. வந்து சொன்னீங்க, அது போதும். இனிமே இங்க வராதீங்க அம்மிணி."

கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் பேசுகிற அதே மரியாதையோடுதான் சொன்னார். பாயிலிருந்து எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "மறுபடி கேஸ் போட்டாங்கன்னா?" என்றார். அதன் பிறகு பல மாதம் தபால்காரர் மணி அடித்தால் இரண்டு பேரும் வாசலுக்கு ஓடுவோம். அவர் எதற்காக ஓடினார் என்று தெரியும். நான் எதற்காக ஓடினேன் என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நோட்டீஸ் வரவேயில்லை. நாங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.